மூக்கை நம்ப வேண்டாம்: வினைல் குளோரைடு ஆபத்தை அறிந்து நடந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பிளம்பர் பைப் நுனியில் சொல்யூஷன் தடவி, எல்போவைச் சொருகி ஒரு திருகு திருகியதும் பாத்ரூம் முழுக்க ஒரு நெடி அடிக்கும். எங்கள் வீட்டு வேலை நடந்தபோது மாமா அந்த நெடியைப் பிடித்துக்கொண்டார். "பி.வி.சி.ன்னா கேன்சர்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு மாப்ளே. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு ஜி.ஐ. பைப்பே போட்டுரு."

மாமாவின் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது. அந்த நெடி சொல்யூஷனில் உள்ள டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பான்களின் நெடி. தலை வலிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் வினைல் குளோரைடு வேறு. ஈரலைக் கெடுக்கும் அளவுக்கு அது அறையில் இருந்தாலும், உங்களுக்கு வாசனையே தெரியாது. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

படி 1: பைப் வேறு, வாயு வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வினைல் குளோரைடு நிறமில்லாத வாயு. கொதிநிலை மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கித்தான் டேங்கரில் ஏற்றுவார்கள். ஆலைக்காரர்கள் இதை வி.சி.எம். என்பார்கள். இதன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்தால் பி.வி.சி. கிடைக்கிறது. உதிரிப்பூ காற்றில் பறக்கும், கட்டிய சரம் பறக்காது. அதே கதைதான். கோத்து முடித்த பைப் உங்கள் சுவரில் சும்மா இருக்கும். கோக்காத வாயுதான் நுரையீரலுக்குள் போகும்.

கோக்கும்போது கொஞ்சம் வாயு கோக்கப்படாமல் பிளாஸ்டிக்குள் மாட்டிக்கொள்வது உண்டு. 1970-களின் நடுப்பகுதி வரை அது கவனிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 1977-க்கு முன் தயாரான பி.வி.சி. குழாய்களிலிருந்து குடிநீரில் வினைல் குளோரைடு கசிந்தது பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு, மிச்ச வாயுவை நீராவி கொண்டு உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பி.வி.சி. மாவை வெளியே அனுப்புகிறார்கள். நம் ஊரில் புதுப் பைப்பைப் பார்த்துக் கவலைப்பட வேண்டுமானால், வினைல் குளோரைடை விட ஈயத்தைப் பற்றிக் கவலைப்படலாம். பைப் வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்க ஈய உப்பு சேர்க்கும் பழக்கம் இருந்தது. அதை ஒழிக்கத்தான் 2021-இல் மத்திய அரசு தனி விதியே கொண்டுவந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஈயம் இல்லை என்ற குறிப்பும் உள்ள பைப்பை வாங்குங்கள். மாமாவின் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

படி 2: இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

ஒன்று, 3000. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 3000 பங்கு, அதாவது 3000 பி.பி.எம். இருந்தால்தான் இதன் லேசான இனிப்பு வாசனை மூக்குக்கு எட்டும். இன்னொன்று, 1. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு தொழிலாளி சுவாசிக்கலாம் என்று வைத்திருக்கும் சராசரி உச்சம் 1 பி.பி.எம். பதினைந்து நிமிடச் சராசரியாகப் பார்த்தாலும் 5 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாசனை தெரிந்துவிட்டது என்றால் வரம்பைப் போல ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. வாசனை இல்லை என்றால் எதுவுமே தெரியவில்லை என்று பொருள். பாதுகாப்பாக இருக்கிறோம் என்று பொருள் இல்லை. சமையல் எரிவாயுவில் வேண்டுமென்றே நாற்றம் சேர்த்திருப்பதால் கசிவு உடனே தெரிகிறது. அந்தப் பழக்கத்தில் நாம் மூக்கை ரொம்பவே நம்புகிறோம். இங்கே அளக்கும் கருவி மட்டும்தான் பேசும்.

படி 3: உடம்புக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே நேரத்தில் மிக அதிகமாக, அதாவது ஆயிரக்கணக்கான பி.பி.எம். அளவில் சுவாசித்தால் போதை ஏறியது போல இருக்கும்: தலைசுற்றல், தூக்கக் கலக்கம், தலைவலி, தள்ளாட்டம். 25,000 பி.பி.எம். அளவில் மயங்கி விழலாம். அழுத்தத்தில் இருந்த திரவம் தோலில் பட்டால் கண நேரத்தில் உறைந்து புண்ணாகும். இது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. காற்றோட்டமான இடத்துக்கு வந்ததும் பலருக்குச் சரியாகிவிடும். அதனாலேயே பல பத்தாண்டுகள் இதை ஒரு சாதுவான வாயு என்றே நினைத்தார்கள். 1974 வரை அமெரிக்காவில் ஹேர் ஸ்பிரேயையும் பூச்சி மருந்தையும் டப்பாவிலிருந்து பீய்ச்சி அடிக்க இந்த வாயுவைப் பயன்படுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற பாதி, மெல்ல வரும் ஆபத்து. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகருக்குப் போக வேண்டும். அங்கே பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் பி.வி.சி. ஆலை இருந்தது. பி.வி.சி. தயாராகும் ரியாக்டர் ஒரு பிரம்மாண்டமான பிரஷர் குக்கர் மாதிரி. ஒவ்வொரு ஈடு முடிந்ததும் உள்சுவரில் அடிப்பிடித்த மாதிரி பி.வி.சி. ஒட்டியிருக்கும். மேல் மூடியைத் திறந்து, ஏணி இறக்கி, ஒரு ஆள் உள்ளே போய் உளியாலும் சுரண்டியாலும் அதைப் பெயர்த்து எடுப்பார். பெயர்க்கப் பெயர்க்க, அந்த அடைக்குள் சிக்கியிருந்த வாயு அவர் முகத்துக்கு நேரே வெளியே வரும். வாயு காற்றைப் போல இரண்டு மடங்கு கனம் என்பதால் ரியாக்டரை விட்டு மேலே எழாமல் அவர் நிற்கும் அடிப்பகுதியிலேயே தேங்கும்.

இப்படிச் சுரண்டியவர்களின் விரல் நுனிகளில்தான் முதல் அடையாளம் வந்தது. 1960-களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்: விரல் நுனி எலும்பு கரைந்து, நுனி மழுங்கிப் பருத்துப்போகும். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும். தோல் தடித்துவிடும்.

அடுத்தது ஈரல். 1974 ஜனவரியில், லூயிவில் ஆலையின் மருத்துவர் ஜான் கிரீச் கவனித்ததன் பேரில், அந்த ஒரே ஆலையின் தொழிலாளர்கள் சிலர் ஈரலின் இரத்தக் குழாய்களில் வரும் ஆஞ்சியோசார்கோமா என்ற புற்றுநோயில் இறந்திருக்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. அபூர்வத்திலும் அபூர்வமான நோய் அது. ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். ஒரே கேட் வழியாக வேலைக்குப் போனவர்களில் பலருக்கு என்றால், தற்செயல் என்று சொல்ல வழியே இல்லை.

இதில் எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. இத்தாலியில் பியர் லூயிஜி வியோலா என்ற ஆய்வாளர் 1970-இலேயே எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்ததைச் சொல்லிவிட்டார். பிறகு அதே நாட்டின் பொலோனா நகரத்து ஆய்வாளர் சேசரே மால்டோனி 250 பி.பி.எம். அளவிலேயே எலிகளுக்கு அதே ஈரல் புற்று வருவதைக் கண்டார். அன்று அமெரிக்கத் தொழிலாளிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த அளவு 500 பி.பி.எம். கம்பெனிகள் தங்களுக்குள் ரகசிய உடன்பாடு போட்டுக்கொண்டு அந்த முடிவை வெளியே விடாமல் வைத்திருந்தன. லூயிவில் செய்தி வெடித்த பிறகு 500 அவசரமாக 50 ஆனது. 1975-இல் 1 ஆனது. இப்படிக் குறைத்தால் தொழிலே மூடிப்போகும் என்று ஆலைகள் சொன்னன. மூடவில்லை. உற்பத்தி பெருகியது.

உள்ளே நடப்பது இதுதான்: ஈரல் இந்த வாயுவை வெளியேற்றுவதற்காக உடைக்கும்போது குளோரோ எத்திலீன் ஆக்சைடு என்ற மூர்க்கமான பொருள் பிறக்கிறது. அது செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. வாயு உடம்பை விட்டு ஓரிரு நாளில் போய்விடும். டி.என்.ஏ.வில் சரிசெய்யப்படாமல் போன பழுது இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூடப் புற்றாகத் தலைகாட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஆஞ்சியோசார்கோமா மட்டுமில்லை, சாதாரண ஈரல் செல் புற்றும் இதில் சேர்த்தி. குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு படிந்து வீங்குவது இந்தத் தொழிலாளர்களிடம் காணப்பட்டிருக்கிறது. குடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும். குழந்தைப் பருவத்தில் படும் வாயு, பெரியவர்களுக்குப் படுவதை விட அதிகத் தீங்கு செய்யக்கூடியது.

படி 4: ஆலையில் வேலை என்றால்

தமிழ்நாட்டில் மேட்டூரிலும் கடலூரிலும் பி.வி.சி. ஆலைகள் உண்டு, கடலூருக்கு வி.சி.எம். கப்பலில் வருகிறது. இந்த வேலையில் இருப்பவர்களும், ஒப்பந்தக்காரர் மூலம் ஷட்டவுன் நேரத்தில் மட்டும் உள்ளே போகிறவர்களும் கேட்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. இரண்டாவது ரகத்தினரைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் திறந்த ரியாக்டருக்குள் இறங்குவது பெரும்பாலும் அவர்கள்தான்.

இன்றைய ஆலைகளில் ரியாக்டரை மூடியபடியே உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவுகிறார்கள். ஆள் இறங்க வேண்டிய நிலை வந்தால், உள்ளே இருக்கும் காற்றை அளந்து, அளவை எழுதிக் கையெழுத்திட்ட என்ட்ரி பர்மிட் இல்லாமல் தலையை நுழைக்காதீர்கள். "இப்பதான் ப்ளோயர் போட்டாங்க, சும்மா இறங்குங்க" என்பது அளவீடு ஆகாது. ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, வி.சி.எம். மூன்றும் பார்த்திருக்க வேண்டும். தீப்பற்றும் வாயு மீட்டர் பூஜ்யம் காட்டினால் போதாது, 3.6 சதவீதத்தில்தான், அதாவது 36,000 பி.பி.எம்.மில்தான் இது பற்றிக்கொள்ளும். அந்த மீட்டருக்கு 50 பி.பி.எம். எல்லாம் கண்ணிலேயே படாது.

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் வாயுவைத் தடுக்காது. அளவு தெரியாத இடத்தில் வெளிக்காற்று அல்லது சிலிண்டர் காற்று தரும் கருவிதான் வேண்டும்.

சட்டைக் காலரில் மாட்டி எடுத்த தனிநபர் காற்று மாதிரியின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க விதியில் ஆண்டுக்கு ஒரு முறை ஈரல் பரிசோதனையும், பத்து ஆண்டுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் கட்டாயம். அதையே அளவுகோலாக வைத்துக் கேட்கலாம். வேலையை விட்டாலும் அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்து உங்களுக்கு அவை தேவைப்படலாம்; அதற்குள் ஒப்பந்தக்காரரின் கடையே இருக்காது.

படி 5: டேங்கர் கவிழ்ந்தால்

முதலில் எண் 1086. அபாயப் பொருள் ஏற்றிய டேங்கரின் பின்புறமும் பக்கத்திலும் ஒரு பலகை இருக்கும். அதில் யு.என். எண் 1086 என்றும், தீச்சுடர் போட்ட சிவப்புச் சாய்சதுரமும் இருந்தால் அது வினைல் குளோரைடு. தூரத்திலிருந்தே மொபைல் கேமராவை ஜூம் செய்து படிக்கலாம். வீடியோ எடுக்கக் கிட்டப் போக வேண்டியதில்லை. 112-க்கு அழைத்து அந்த எண்ணைச் சொல்லுங்கள். "ஏதோ கேஸ் லாரி" என்பதற்கும் "யு.என். 1086" என்பதற்கும் தீயணைப்பு வண்டி தயாராகி வரும் விதமே மாறும்.

அப்புறம் தூரம். வட அமெரிக்க அவசரகாலக் கையேடு இப்படிச் சொல்கிறது: கசிவு என்றால் எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர், பெரிய கசிவு என்றால் காற்று போகும் திசையில் 800 மீட்டர், டேங்க் தீயில் சிக்கினால் எல்லாப் பக்கமும் 1600 மீட்டர். காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாகப் போங்கள். பள்ளம், ஓடை, சுரங்கப்பாதை, அடித்தளம் வேண்டாம். கனமான வாயு அங்கேதான் இறங்கித் தேங்கும். கசிவுக்கு அருகில் பைக்கை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஒரு பொறி போதும். திரவம் பட்ட தோலைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

எரிந்தால் கதை வேறு. 2023 பிப்ரவரி 3 இரவு ஒஹையோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில், சூடேறிப்போன ஒரு சக்கரத்தின் பேரிங்கால் நார்ஃபோக் சதர்ன் சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. ஐந்து டேங்குகளில் வினைல் குளோரைடு இருந்தது. டேங்குக்குள் வாயு மூலக்கூறுகள் தானாகவே கோத்துக்கொள்ள ஆரம்பித்து, சூடேறி வெடித்துவிடும் என்ற பயத்தில், 6-ஆம் தேதி ஐந்தையும் ஓட்டை போட்டு, திரவத்தைப் பள்ளத்தில் வடியவிட்டு எரித்தார்கள். அந்தக் கரும்புகையின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. முடிவெடுக்கத் தனக்கு 13 நிமிடம்தான் தரப்பட்டது என்று ஊர்த் தீயணைப்புத் தலைவர் பிறகு சாட்சி சொன்னார். டேங்குக்குள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வாயுவைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்கள் கருதியது அவரிடம் போய்ச் சேரவே இல்லை. எரித்திருக்கவே வேண்டாம் என்று 2024 ஜூனில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்ப்புச் சொன்னது.

எரியும்போது பெரும்பங்கு ஹைட்ரஜன் குளோரைடாக மாறுகிறது. ஈரக்காற்றில் அது அமிலம். கண்ணும் தொண்டையும் எரியும், ஆக இந்தப் புகையை மட்டும் மூக்கு கண்டுபிடிக்கும். கொஞ்சம் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவும் உண்டாகலாம். அது நுரையீரலில் நீர் கோக்க வைக்கும், அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரலாம். புகையில் மாட்டியவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்குப் போய்ப் படுக்கக் கூடாது என்பது அதனால்தான்.

ஈஸ்ட் பாலஸ்டைன் ஓடைகளில் 43,000-க்கும் மேற்பட்ட மீன்களும் மற்ற நீர்வாழ் உயிர்களும் செத்ததாக ஒஹையோ மாநில இயற்கை வளத் துறை கணக்கிட்டது. அந்த ரயிலில் பியூட்டைல் அக்ரிலேட் போன்ற வேறு ரசாயனங்களும் இருந்தன என்பதால் அந்தச் சாவு முழுவதையும் வினைல் குளோரைடு தலையில் கட்ட முடியாது. வெட்டவெளியில் இந்த வாயு ஓரிரு நாளில் பாதியாகச் சிதைந்துவிடும். ஓடுகிற ஆற்றுத் தண்ணீரிலிருந்தும் சீக்கிரம் ஆவியாகிவிடும். அது வருஷக்கணக்கில் தங்குகிற இடம் ஒன்றே ஒன்று, மண்ணுக்குக் கீழே.

படி 6: நிலத்தடி நீரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பி.வி.சி. ஆலையே இல்லாத ஊரிலும் கிணற்றில் வினைல் குளோரைடு வரலாம். டிரை கிளீனிங் கடைகளில் துணி வெளுக்கப் பயன்படும் பெர்குளோரோ எத்திலீனும், பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் டிரைகுளோரோ எத்திலீனும் தரையில் கொட்டப்பட்டுக் கீழே இறங்குகின்றன. காற்றில்லாத மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் ஒவ்வொரு குளோரினாகக் கழற்றுகின்றன. கடைசிக்கு முந்தின படியில் நிற்பது வினைல் குளோரைடு. தாய் தந்தையை விடப் பொல்லாத பிள்ளை. கடைசிக் குளோரினையும் கழற்ற டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா இருந்தால் தீங்கற்ற எத்திலீனாகிவிடும். இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் கலந்திருந்த ரசாயனங்களில் இதுவும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம், அமெரிக்க வரம்பு 2 மைக்ரோகிராம். ஆர்.ஓ. மிஷின் விற்க வருபவரின் டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் பார்க்கும், இதைப் பார்க்காது. வி.ஓ.சி. (எளிதில் ஆவியாகும் ரசாயனங்கள்) பரிசோதனை செய்யும், ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தைத் தேடி, வினைல் குளோரைடு பட்டியலில் உண்டா என்று கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இதைத் தவறவிட்டால் காசு வீண். ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் மட்டும் எடுங்கள். குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு, தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பென்சில் கனத்துக்கு மெல்லிசாக்கி, குப்பியின் ஓரமாக வழியவிடுங்கள். விளிம்புக்கு மேல் தண்ணீர் குமிழாகத் தூக்கி நிற்கும் வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்து ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ஒரு சின்னக் குமிழி மேலே ஓடினாலும், வாயு அந்தக் குமிழிக்குள் போய்விடும், முடிவு குறைத்துக் காட்டும். குப்பிக்குள் பாதுகாப்புக்காகச் சில துளி அமிலம் இருந்தால் அதைக் கழுவிக் கொட்டிவிட வேண்டாம். பனிக்கட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள்.

இருப்பது உறுதியானால், காய்ச்சிக் குடிப்பது தீர்வு இல்லை. காய்ச்சினால் தண்ணீரிலிருந்து போகும்தான், ஆனால் அடுப்படிக் காற்றுக்குத்தான் போகும். வெந்நீர்க் குளியலிலும் இதேதான், மூடிய பாத்ரூமில் சுவாசமாகவே ஏறும். வீட்டுக் கார்பன் ஃபில்டர் மற்ற பல ரசாயனங்களைப் பிடிப்பது போல இதைப் பிடிப்பதில்லை. தண்ணீரைத் திறந்த வெளியில் காற்றோடு மோதவிட்டு வாயுவைப் பிரிக்கும் ஏரேஷன் கோபுரம்தான் நன்றாக வேலை செய்யும், அதுவும் ஊர் அளவில். அது வரும் வரை குடிக்க, சமைக்க, குளிக்க வேறு தண்ணீர்.

படி 7: எரிப்பதை நிறுத்துங்கள்

போகி அன்று பழைய பைப்பும் ரெக்ஸினும் ஒயரும் நெருப்பில் விழுவதைப் பார்த்திருப்போம். காயலான் கடைப் பக்கம் செம்புக்காக ஒயரை எரிப்பதும் நடக்கிறது. பி.வி.சி. எரிந்தால் திரும்ப வினைல் குளோரைடாவது சொற்பம். வெளியே வருவது பெரும்பாலும் ஹைட்ரஜன் குளோரைடு, கூடவே பென்சீன், டையாக்சின் போன்ற நச்சுகள். டையாக்சின் சாம்பலிலும் மண்ணிலும் தங்கி, மேயும் மாட்டின் பாலுக்கு வந்து சேரும். ஒயரை உரித்துச் செம்பு எடுக்கலாம். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

படி 8: ஆலைக்கு அருகில் குடியிருந்தால் கேட்க வேண்டியவை

1989-ஆம் ஆண்டின் அபாய ரசாயன உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளின்படி, பெரிய அளவில் இத்தகைய பொருளை வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியே செய்ய வேண்டியவை பற்றிய திட்டமும் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். கேளுங்கள்: சைரன் எத்தனை முறை ஒலித்தால் என்ன பொருள்? எந்தச் சாலை வழியாகக் கிளம்ப வேண்டும்? கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, அதில் ஊர்க்காரர் யாராவது இருந்தார்களா? வேலியோரக் காற்றில் வினைல் குளோரைடு அளக்கப்படுகிறதா? பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

படி 9: மருத்துவரிடம் போகும்போது

இந்த வாயு பட்டதா என்று ஆண்டுகள் கழித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. பட்ட அன்றோ மறுநாளோ, உடம்பு இந்த வாயுவை உடைப்பதால் வரும் தையோடைகிளைகாலிக் அமிலத்தைச் சிறுநீரில் பார்க்கலாம். அதுவும் வேறு காரணங்களால் கூடலாம். ஈரல் என்சைம்கள் நார்மலாக இருந்தும் உள்ளே பழுது இருக்கலாம் என்பதால் ஸ்கேனும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், மதுவை விடுங்கள். ஈரலுக்கு இருக்கிற பாரம் போதும்.

எல்லாவற்றையும் விட, மருத்துவர் கேட்காவிட்டாலும் வேலையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். "சுகர் இருக்கா, பி.பி. இருக்கா, குடிப்பீங்களா" என்று கேட்பவர், "1998-இல் எங்கே வேலை பார்த்தீங்க" என்று கேட்பது அபூர்வம். ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, ரியாக்டருக்குள் இறங்கியது உண்டா, எத்தனை முறை.